ஆக்டிலரி: நீண்ட நாள் அணியில் வைத்து ஆடியதில் தெரிந்தவை

போகிமான் ஆட்டங்களில் வரும் ஆக்டிலரி என்ற பிராணியின் அடிப்படை வேகம் 45. இதன் நல்லது கெட்டது எல்லாம் இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. அட்டாக், ஸ்பெஷல் அட்டாக் இரண்டும் 105. ஹெச்பி (உயிர்), டிஃபென்ஸ், ஸ்பெஷல் டிஃபென்ஸ் மூன்றும் 75. அதாவது அடி பலம், ஆனால் எதிராளியிடம் வாங்கிக்கொண்ட பிறகுதான் அடிக்க முடியும். 1999இல் கோல்டு, சில்வர் ஆட்டங்களில் அறிமுகமான இந்தச் சிவப்பு ஆக்டோபஸை ‘அழகா இருக்கு மச்சி’ என்று அணியில் சேர்த்து, இரண்டே சண்டையில் பெட்டிக்குள் தள்ளியவர்கள் சென்னையில் நிறையப் பேர். அவர்கள் எல்லோரும் செய்தது ஒன்றுதான்: அதை வேகமாக்கப் பார்த்தார்கள். உண்மையில் இதை இன்னும் மந்தமாக்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் வந்த ஸ்வோர்டு, ஷீல்டு ஆட்டங்களை வைத்து, முக்கியமாக இரண்டுக்கு இரண்டு நிற்கும் டபுள்ஸ் சண்டைக்கு. ட்ரிக் ரூம் என்ற மூவைப் (சண்டை வித்தை) போட்டால் மெதுவானது முதலில் நகரும். அதற்கு வேகத்தைக் குறைத்து ஸ்பெஷல் அட்டாக்கை ஏற்றும் குவையட் நேச்சர் (குணம்), வேக ஐவி (பிறவியிலேயே வரும் எண், 0 முதல் 31 வரை) 0. இவி (பயிற்சியில் சேர்க்கும் புள்ளி) 252 ஹெச்பிக்கு, 252 ஸ்பெஷல் அட்டாக்குக்கு, மிச்சம் 4 டிஃபென்ஸுக்கு. லெவல் 50இல் ஹெச்பி 182, ஸ்பெஷல் அட்டாக் 172, வேகம் 45 என்று நிற்கும். கவனிக்காமல் வளர்த்தால், வேக ஐவி 31ஆக இருந்து நேச்சரும் வேகத்தைத் தொடாவிட்டால், அதே வேகம் 65 ஆகிவிடும். ட்ரிக் ரூமில் அந்த 20 புள்ளிதான் பல சமயம் யார் முதலில் என்பதை முடிவு செய்யும்.

பலர் வழுக்கி விழும் இடம், ஐவியை உச்சமாக்கும் கோல்டு பாட்டில் கேப் என்ற பொருள். லெவல் 100க்குக் கொண்டுபோய் அதைக் கொடுத்தால் ஆறு எண்களும் உச்சத்துக்குப் போகும், வேகமும் சேர்த்து. திரும்ப இறக்க வழி இல்லை. சாதா பாட்டில் கேப்பைத் தேவையான எண்ணுக்கு மட்டும் ஒவ்வொன்றாகக் கொடுப்பதே சரி. அதைவிட நல்லது முட்டையிலேயே சரிசெய்வது: முட்டைக்காக இரண்டு பெற்றோரை நர்சரியில் விடும்போது வேக ஐவி 0 உள்ள பெற்றோரிடம் பவர் ஆங்க்லெட் மாட்டிவிட்டால் அந்த 0 குட்டிக்கு உறுதியாக வரும். மற்றொன்றிடம் எவர்ஸ்டோன் இருந்தால் அதன் நேச்சரும் வரும். இரண்டையும் ஒரே பெற்றோரிடம் கொடுக்க முடியாது, ஆகவே யாரிடம் எது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டை வழியை வலியுறுத்த இன்னொரு காரணம் வாட்டர் ஸ்பவுட். ரெமோரெய்டாக இருக்கும்போதோ, லெவல் 25இல் ஆக்டிலரியாக மாறிய பிறகோ இந்த மூவை அது தானாகக் கற்காது. ஆண் வெய்ல்மர் அல்லது வெய்லார்டு லெவல் ஏறும்போது கற்றுக்கொள்ளும். அதைப் பெண் ரெமோரெய்டோடு நர்சரியில் விட்டால் குட்டி இந்த மூவோடு பிறக்கும். இது இல்லாத ஆக்டிலரிக்கு அணியில் ஓர் இடம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

வாட்டர் ஸ்பவுட்டின் பவர் முழு ஹெச்பியில் 150. எதிரணியில் இருவரையும் அடிக்கும், கூட்டாளியைத் தொடாது. ஆனால் ஹெச்பி குறையக் குறையப் பவரும் அதே விகிதத்தில் இறங்கும். பாதி ஹெச்பியில் 75தான். கணக்குப் பார்த்தால் 182இல் 109க்கு வந்துவிட்டாலே 90 பவர் உள்ள சர்ஃப் இதைத் தாண்டிவிடும். ஆனால் சர்ஃப் பக்கத்தில் நிற்கும் நம் ஆளையும் சேர்த்து அடிக்கும் என்பதால் அதை வைத்துக்கொள்ளாமல், அடிபட்ட ஆக்டிலரியை டைனமாக்ஸ் (ராட்சத உருவாக்குவது) செய்வது மேல். வாட்டர் ஸ்பவுட்டிலிருந்து வரும் மேக்ஸ் கீசர், ஹெச்பி எவ்வளவு இருந்தாலும் 150 பவரிலேயே விழும். கூடவே மழையும் வரும், அடுத்த தண்ணீர் அடி ஒன்றரை மடங்கு.

அந்த மழையால் வரும் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். ஆக்டிலரியைப் பயமுறுத்தும் பிராணியாக ஆக்குவதே அதன் கைவசம் இருக்கும் வேறு வேறு வகை மூவ்கள். ஃபெரோதார்ன் வந்தால் ஃபயர் பிளாஸ்ட் நான்கு மடங்கு. காஸ்ட்ரோடான் வந்தால் எனர்ஜி பால் நான்கு மடங்கு. டிராகன்களுக்கு ஐஸ் பீம். தண்ணீரைத் தாங்கலாம் என்று எதிராளி உள்ளே அனுப்புகிற ஆட்களுக்குத்தான் இவை குறி. ஆனால் மேக்ஸ் கீசரால் மழை பெய்துகொண்டிருக்கும்போது ஃபயர் பிளாஸ்ட் பாதியாகிவிடும். ஃபெரோதார்ன் இன்னும் வெளியே வரவில்லை என்றால் மழையை அவசரப்பட்டு வரவழைக்காதீர்கள். மூவ்களுக்கான நான்கு இடத்தில் வாட்டர் ஸ்பவுட், ஐஸ் பீம், ப்ரொடெக்ட் (அந்த டர்னில் அடி விழாமல் தடுப்பது) மூன்றும் நிரந்தரம். நான்காவதாக எனர்ஜி பாலா, ஃபயர் பிளாஸ்டா என்பது நீங்கள் அடிக்கடி யாரோடு ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபயர் பிளாஸ்டின் குறி 85 சதவீதம்தான், முக்கியமான நேரத்தில் கைவிடும்.

ட்ரிக் ரூமை ஆக்டிலரியே போட முடியாது, ஆள் வேண்டும். ஐந்து டர்ன் என்று எழுதியிருந்தாலும் போடுகிற டர்னும் அதில் சேர்த்தி, அந்த மூவ் கடைசியில்தான் நடக்கும். உங்கள் கையில் மிஞ்சுவது நான்கு. இரண்டாவது முறை போட்டால் முதலில் போட்டதே கலைந்துவிடும், எதிராளியும் அப்படிக் கலைக்கலாம். மேஜிக் பவுன்ஸ் உள்ள ஹேட்டரீன் நல்ல தேர்வு, ட்ரிக் ரூம் போடவிடாமல் தடுக்கும் டான்ட் மூவைப் போட்டால் போட்டவனுக்கே திரும்பும். பெண் இன்டீடீயும் நல்லது. எதிராளியின் அடியைத் தன் பக்கம் இழுக்கும் ஃபாலோ மீயும் அதற்கு வரும், அதன் சைக்கிக் டெரெய்ன் தரையில் நிற்கும் ஆக்டிலரி மேல் முந்திப் பாயும் மூவ்களை விழவிடாது. இது ஏன் முக்கியம் என்றால், ட்ரிக் ரூம் வேகத்தைத்தான் புரட்டும், முன்னுரிமை மூவ்களை ஒன்றும் செய்யாது. ரில்லபூம் தன் டெரெய்னைப் போட்டு, அதனால் முன்னுரிமை பெறும் கிராஸி கிளைடு அடித்தால், புல் வகைக்குப் பலவீனமான ஆக்டிலரி அந்த டர்னிலேயே காலி.

எபிலிட்டி எனும் பிறவித் திறன்களில் சக்‌ஷன் கப்ஸ்தான் நிதானமானது. ரோர், வேர்ல்விண்ட் போட்டு இதை வெளியே தள்ள முடியாது. எக்ஸ், ஒய் ஆட்டங்களில் மீன்பிடிக்கும்போது அணியின் முதல் இடத்தில் வைத்தால் தூண்டிலில் அதிகம் சிக்கும், அதற்காகவே ஒன்றை வைத்திருப்பார்கள். ஸ்னைப்பர் இருந்தால் கிரிட்டிகல் அடி ஒன்றரைக்குப் பதில் இரண்டே கால் மடங்கு. ஃபோகஸ் எனர்ஜியும் ஸ்கோப் லென்ஸும் சேர்ந்தால் ஒவ்வோர் அடியும் கிரிட்டிகல்தான், ஆனால் இருக்கும் நான்கு டர்னில் ஒன்று அதற்கே போகும். மூடி என்பது சூதாட்டம்: டர்ன் முடிவில் ஓர் எண் இரண்டு படி ஏறும், வேறொன்று ஒரு படி இறங்கும். சப்ஸ்டிட்யூட், ப்ரொடெக்ட் மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தால் எதிராளி வெறுத்துப்போவான். நண்பர்களோடு ஆடும்போது வேண்டாம், அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

‘போகிமான் கோ’ என்ற போன் ஆட்டத்தில் கதை வேறு. அங்கே வேகம் என்று தனி எண் காட்டுவதில்லை. 50 கேண்டி இருந்தால் ரெமோரெய்டு ஆக்டிலரியாகும். பைனாப் பெர்ரி கொடுத்துப் பிடித்தால் 6, பிடித்ததை அனுப்பிவிட்டால் 1, ஆக எட்டு பிடித்தால் போதும். சென்னையில் இதற்கு மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் காலம். ஆட்டத்தில் மழை காட்டினால் தண்ணீர் வகை அதிகம் தலைகாட்டும், லெவல் 30க்குப் பதில் 35 வரை வரும், பலம் ஏற்றச் செலவாகும் ஸ்டார்டஸ்ட் 100க்குப் பதில் 125. ஆனால் அந்த வானிலை மணிக்கொரு முறைதான் மாறும். பெசன்ட் நகரில் கொட்டித் தீர்க்கும்போது திரையில் வெறும் மேகம் காட்டுவது சகஜம். திரையில் விழும் சொட்டுகளையும் போன் விரல் என்றே எடுத்துக்கொள்ளும், பந்து எங்கேயோ போகும். பஸ் நிழற்குடையில் நின்று பிடியுங்கள். தண்ணீர் தேங்கிய தெருவில் போனைப் பார்த்தபடி நடக்க வேண்டாம், மூடி திறந்த சாக்கடை கண்ணுக்குத் தெரியாது. பலர் சேர்ந்து அடிக்கும் ரெய்டுக்கு ஸ்வாம்பர்ட், கயோகர் இருக்கும்போது இதில் ஸ்டார்டஸ்ட் கொட்ட ஒரு காரணமும் இல்லை.

ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ பழைய கார்ட்ரிட்ஜ் தேடுபவர்களுக்கு: எந்த நாட்டுக் கார்ட்ரிட்ஜும் இங்குள்ள ஸ்விட்சில் ஓடும், ஜப்பான் பெட்டியாக இருந்தாலும் ஆங்கிலம் தேர்ந்தெடுக்கலாம். சேவ் கருவியில்தான் இருக்கும், முந்தையவர் வளர்த்த ஆக்டிலரி கார்ட்ரிட்ஜோடு வராது. 2022இல் வந்த ஸ்கார்லெட், வயலெட்டில் ஆக்டிலரியே கிடையாது, இதற்காக அதை வாங்க வேண்டாம். ஸ்விட்சே இல்லாதவர்கள் ஷோடவுன் என்ற இணையச் சண்டைத் தளத்தில் மேலே சொன்ன அணியை இலவசமாக ஆடிப் பார்க்கலாம், வேக ஐவியை 0 என்று கையாலேயே மாற்ற வேண்டும்.