செனக்கா இரட்டை எஞ்சினில் இன்டர்கூலர்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிய வருபவை

பைப்பர் நிறுவனத்தின் இரட்டை எஞ்சின் சிறு விமானங்களான செனக்கா 2, செனக்கா 3 இரண்டும் தொழிற்சாலையிலிருந்து இன்டர்கூலர் (டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை எஞ்சினுக்குள் போகும் முன் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் வந்தவை. இவற்றில் இருப்பது கான்டினென்டல் டிஎஸ்ஐஓ-360 எஞ்சின், நிலையான வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பங்கை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வழி), 40 அங்குல மேனிஃபோல்ட் பிரஷர் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், பாதரச அங்குலத்தில்) வரம்பு. செனக்கா 5-இல் பைப்பர் நிறுவனமே இன்டர்கூலரோடு கூடிய எஞ்சினைப் பொருத்தியது. பழைய விமானங்களில் எஸ்டிசி (விமானத்தில் மாற்றம் செய்யத் தரப்படும் துணைச் சான்றிதழ்) அனுமதி பெற்ற கிட் மூலம் அதைச் சேர்க்கலாம். சில நூறு மணி நேரம் பறந்த பிறகு கிட்டின் உண்மையான குணம் தெரிகிறது: சிலிண்டர்கள் குளிர்ச்சியாக ஓடுகின்றன, டெட்டனேஷன் (சிலிண்டருக்குள் கலவை சீராக எரியாமல் வெடிப்பது) ஆபத்து குறைகிறது, உயரத்தில் ஆற்றல் தாங்குகிறது. வேகம் கூடுவது அதற்குப் பிறகுதான். முதலில் வேகத்தைத் தேடுபவர்கள் மேனிஃபோல்ட் பிரஷரைக் குறைக்காமலே ஓட்டி எஞ்சினைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நிலையான வேஸ்ட்கேட்டில் டர்போ எப்போதும் தேவைக்கு மேல் அழுத்துகிறது. மிச்சத்தைத் த்ராட்டில் தட்டு தடுத்துவிடும். ஆனால் தட்டைத் தாண்டும்போது அழுத்தம்தான் விழும், வெப்பம் அப்படியே உள்ளே போகும். 18,000 அடியில் வெளிக்காற்று மைனஸ் 21 டிகிரி செல்சியஸ். அங்கே டர்போவின் கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் காற்று 100 டிகிரியைத் தொடுவது சாதாரணம். இன்டர்கூலருக்குப் பின் அது 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், இறங்கியது 60 டிகிரி, வெளிக்காற்றின் அளவுவரை இறங்கியிருந்தால் 121. ஆகவே திறன் சுமார் 50 விழுக்காடு. விமானத்தில் பொருத்திய இன்டர்கூலருக்கு இது நல்ல எண்.

உள்ளே போகும் காற்று 6 டிகிரி குறைந்தால் ஆற்றல் சுமார் 1 விழுக்காடு கூடும் என்பது பழைய கணக்கு. 60 டிகிரிக்கு 9, 10 விழுக்காடு வருகிறது. அதாவது முன்பு 30 அங்குலத்தில் கிடைத்த ஆற்றல் இப்போது தோராயமாக 27.5 அங்குலத்திலேயே கிடைத்துவிடும். பழைய ஆற்றல் அட்டவணையின்படி 30 அங்குலத்தில் வைத்தால், 65 விழுக்காடு என்று நினைத்துக்கொண்டு 70-க்கு மேல் ஓட்டுகிறோம். பறப்புக் கையேட்டுடன் வரும் துணை அட்டவணைதான் இனி செல்லும். பழைய அட்டவணையைக் காக்பிட்டிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

இதைவிடப் பெரிய சிக்கல் எரிபொருளில் இருக்கிறது. கான்டினென்டல் ஃபியூல் இன்ஜெக்ஷன் காற்றின் வெப்பநிலையை அறியாது. த்ராட்டில் கோணமும் பம்ப் அழுத்தமும்தான் ஃபியூல் ஃப்ளோவைத் தீர்மானிக்கின்றன. அதே மேனிஃபோல்ட் பிரஷரில் அடர்த்தியான காற்று உள்ளே போனால், மிக்ஸ்சர் முழு ரிச்சில் (எரிபொருள் மிகுதியாக) இருந்தாலும் கலவை லீனாகிவிடும், அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாது. டேக்-ஆஃபில் டிஐடி (டர்பைனுக்குள் நுழையும் வாயுவின் வெப்பநிலை) வழக்கத்தைவிட ஏறி நின்றால் டர்பைன் மேல் சந்தேகப்படும் முன் ஃபியூல் ஃப்ளோவைப் பார்க்க வேண்டும். கிட் பொருத்திய அன்றே, அளவு சரிபார்த்த கேஜ் வைத்து, கிட் ஆவணம் சொல்லும் எண்ணுக்கு முழு ஆற்றல் ஃபியூல் ஃப்ளோவை மறுபடி அமைக்க வேண்டும். வரம்பு கொடுத்திருந்தால் அதன் மேல் ஓரத்தில் வைப்பதே சரி.

அப்பர் டெக் (கம்ப்ரசருக்கும் த்ராட்டிலுக்கும் இடைப்பட்ட பகுதி) அழுத்தக் குழாய் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த அழுத்தம் ஃபியூல் பம்ப்பின் அனிராய்டுக்கும் (அழுத்தத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் உறை) நாசில்களுக்கும் போகிறது. அழுத்தமூட்டிய மேக்னெட்டோக்கள் (தீப்பொறிக்கு மின்சாரம் தருபவை) இருந்தால் அவற்றுக்கும் அதுதான். இன்டர்கூலரைக் கடக்கும்போது காற்று கொஞ்சம் அழுத்தத்தை இழக்கும். குழாய் பிரியும் இடமான டேப் இன்டர்கூலருக்கு முன் இருந்தால் ஓர் எண், பின் இருந்தால் வேறு எண். இரண்டு எஞ்சின்களிலும் டேப் ஒரே பக்கம் இல்லாவிட்டால் ஃபியூல் ஃப்ளோ ஒருபோதும் ஒத்துப்போகாது. அந்த வேறுபாட்டைத் தேடி நாள்கணக்கில் வீணாகும்.

வேஸ்ட்கேட்டின் திறப்பை அமைக்கும் போல்ட்டையும் மறக்கக் கூடாது. இன்டர்கூலருக்குப் பின் அதைத் தொடவே இல்லையென்றால், குளிர்ந்த காலையில் த்ராட்டிலை முழுவதும் தள்ளும் முன்பே வரம்பு தாண்டும், மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ஓவர்பூஸ்ட் வால்வு திறந்துகொள்ளும்.

பொருத்தும் வேலையில் பிழை அதிகம் நேர்வது ஹோஸ்களிலும் பேஃபிள்களிலும் (குளிர்காற்றை வழிநடத்தும் தகடுகள்). இன்டர்கூலர் எஞ்சினோடு சேர்ந்து ஆடுகிறதா, ஏர்ஃப்ரேமில் பிடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏர்ஃப்ரேமில் இருந்தால் எஞ்சின் ஆட்டம் முழுவதையும் சிலிகான் ஹோஸ் தாங்க வேண்டியிருக்கும். குழாய் முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி இடைவெளி விட்டு, கிளாம்ப் முனையின் விளிம்பு மேட்டுக்கு உட்புறம் உட்கார வேண்டும். சூடேறி ஆறும்போது சிலிகான் அமுங்கித் தளரும். எனவே முதல் 10 மணி நேரத்துக்குப் பின் எல்லாக் கிளாம்ப்களையும் குறிப்பிட்ட டார்க்குக்கு மறுபடி இறுக்க வேண்டும், 25 மணியில் இன்னொரு முறை. மிகையாக இறுக்கினால் ஹோஸ் வெட்டுப்படும். எண்ணெய் பட்டுப் பட்டு ஊறிய சிலிகான் மென்மையாகிவிடும். அதைத் துடைத்து மறுபடி போடாமல் மாற்றிவிட வேண்டும்.

பேஃபிளில் விரல் அளவு இடைவெளி இருந்தாலும் குளிர்காற்று இன்டர்கூலரின் கோருக்குள் (ஃபின்கள் நிறைந்த நடுப்பகுதி) போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். சொந்த ஸ்கூப் இல்லாமல் சிலிண்டர் குளிர்காற்றிலிருந்தே பங்கெடுக்கும் அமைப்பு என்றால், அருகிலுள்ள சிலிண்டரின் சிஹெச்டி (சிலிண்டர் தலை வெப்பநிலை) ஏறுகிறதா என்று முதல் சில பறப்புகளில் தனியாகக் கவனிக்க வேண்டும்.

கசிவுச் சோதனை எளிது. கம்ப்ரசர் நுழைவாயை அடைத்து, குறைந்த அழுத்தக் காற்றை ஊதி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவ வேண்டும். ஏதாவதொரு சிலிண்டரின் இன்டேக் வால்வு திறந்திருக்கும், ஆகையால் பிரீதர் (கிராங்க்கேஸின் காற்றுப்போக்கி) வழியாகக் காற்றுச் சத்தம் வருவது பிழை அல்ல. குமிழி வரும் இடம்தான் பிழை. இன்டர்கூலர் முனைகளிலுள்ள எண்ட் டேங்க் வெல்டிங் ஓரத்தையும் மவுன்ட் காதுகளின் அடியையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரிசல் அங்கேதான் தொடங்கும்.

இரண்டு எஞ்சின் இருப்பது இங்கே பெரிய வசதி. ஒவ்வொரு பக்கமும் கம்ப்ரசர் வெளியேற்ற வெப்பநிலைக்கு ஒரு புரோப், இன்டர்கூலருக்குப் பின் ஒரு புரோப் வைத்தால், ஒன்று மற்றொன்றின் அளவுகோலாகிவிடும். ஆர்பிஎம்மும் மேனிஃபோல்ட் பிரஷரும் ஒத்திருக்க, இன்டர்கூலருக்குப் பின் வெப்பநிலை 10 டிகிரி வேறுபட்டால் ஃபின் மடங்கல், பூச்சி அடைப்பு, பேஃபிள் என்ற வரிசையில் தேடலாம். வெப்பநிலை ஒத்திருந்து, அதே மேனிஃபோல்ட் பிரஷருக்கு ஒரு த்ராட்டில் மட்டும் முன்னே போக வேண்டியிருந்தால் கசிவைத் தேட வேண்டும். மேகத்தில் பனி படிந்து கோரின் முகம் அடைபடுவதும் இந்த வெப்பநிலை திடீரென ஏறுவதில்தான் தெரியும்.

ஓர் எஞ்சின் நின்று மற்றதில் மட்டும் பறக்கும்போது இன்டர்கூலரை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. நீலக்கோட்டு வேகம் (ஓர் எஞ்சினில் நன்றாக ஏறும் வேகம்) குறைவு, ஆற்றல் முழுவது, கோர் வழியே காற்றோட்டம் குறைவு. உதவி மிகவும் வேண்டியிருக்கும் நேரத்தில் அதன் திறன் இறங்கியிருக்கும். மறுபுறம், குளிர்நாளில் வரம்பு தாண்டிய ஆற்றல் கொடுத்தால் விஎம்சி (ஓர் எஞ்சின் நின்றபின் விமானம் கட்டுப்பாட்டில் இருக்கும் குறைந்தபட்ச வேகம்) எண் செல்லாது. அந்த எண் அங்கீகரித்த ஆற்றலுக்கு மட்டுமே உரியது. ஒரு பக்கம் மட்டும் கிட் பொருத்திப் பறப்பதும் அதே காரணத்தால் தவறு.

12,000 அடிக்கு மேல் நீண்ட தூரம் பறக்கும் செனக்காவுக்கு இது தாராளமாகத் தகும். 8,000 அடிக்குக் கீழ் குறுகிய பறப்புகள் மட்டும் என்றால் அந்தப் பணத்தைப் பேஃபிள் சீல்களிலும் நல்ல எஞ்சின் மானிட்டரிலும் போடலாம். தரையில் நின்று டாக்ஸி செய்யும்போது கோரில் காற்றோட்டமே இருக்காது, டேக்-ஆஃபின் தொடக்கத்திலும் பலன் சிறிது.

ஆண்டுச் சோதனையில் கோரின் உட்புறத்தைத் திறந்து பார்க்க வேண்டும். டர்போவின் எண்ணெய்ச் செக் வால்வு தேய்ந்தால், எஞ்சினை நிறுத்திய பின் எண்ணெய் கம்ப்ரசருக்குள் ஊறி இன்டர்கூலரின் அடியில் தேங்கும். அடுத்த ஸ்டார்ட்டில் புகை வரும், உள் ஃபின்களில் படலம் கட்டித் திறன் குறையும். கழுவுவதென்றால் கழற்றிய பிறகுதான். விமானத்தில் இருக்கும்போதே சால்வென்ட் ஊற்றினால் அது சிலிண்டருக்குப் போகும். கம்ப்ரசர் சக்கரம் உடைந்த எஞ்சினில் இன்டர்கூலரைக் கழுவி மறுபடி பொருத்துவதைவிட மாற்றுவது மேல். அலுமினியத் துணுக்குகள் உள் ஃபின்களுக்கு இடையில் சிக்கி, பல மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாகக் கழன்று புதிய சிலிண்டருக்குள் போகும்.