ஒரே குழாய், இரண்டு தண்ணீர்: பத்தாண்டுக்கு மேற்பட்ட அனுபவம்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர் எங்களுடையது. நூற்றைம்பது வீடுகளுக்கு ஒரே மேல்நிலைத் தொட்டி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் ஊருக்கு வந்து சேர்ந்த நாள்முதல், பத்தாண்டுகளுக்கு மேலாக, அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் வீட்டில் குடித்து வருகிறோம். நல்ல தண்ணீரா என்று உறவினர்கள் கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிவதில்லை. எங்கள் குழாயில் வருவது ஒரு தண்ணீர் அன்று, இரண்டு: காவிரி ஆற்றுத் தண்ணீர் ஒன்று, ஊர் ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர் மற்றொன்று.

எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகள் கெட்டிப் பாறைக்குள் இறங்குபவை. பாறையிலுள்ள தாதுக்கள் மெல்லக் கரைந்து தண்ணீரில் ஃப்ளோரைடு சேர்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்கிறது. எங்கள் ஊர் போர் தண்ணீரைச் சோதித்தபோது 2-க்கு மேல் இருந்தது. முன்பற்களில் குறுக்காக ஓடும் பழுப்புக் கோடு எனக்கும் உண்டு, என் அண்ணனுக்கும் உண்டு. வெளியூரில் படித்தபோது பாக்குப் போடுபவன் என்றே என்னை நினைத்தார்கள். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் சிறுவயதில் ஃப்ளோரைடால் பதிகிற கறை அது. பிறகு எந்தப் பற்பொடி தேய்த்தாலும் போகாது. எலும்பில் சேர்வது இன்னும் கொடிது. என் பாட்டி கடைசிக் காலத்தில் கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல், முழு உடம்போடு திரும்பித்தான் யாரையும் பார்த்தார். வாதம் என்றே அன்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

இதற்கு மாற்றாகத்தான் காவிரி வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் கட்டப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவானது. ஆற்றுத் தண்ணீர் தொடர்ந்து வரும் மாதங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பருப்பு சீக்கிரம் வேகிறது, சோப்பு நுரைக்கிறது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு இல்லை. அண்ணன் மகள் இந்தத் தண்ணீரோடு வளர்ந்தவள். அவள் பற்களில் கோடு இல்லை என்பதை இந்தப் பகிர்வின் மிக முக்கியமான வரியாகக் கருதுகிறேன்.

சிக்கல் ஆற்றுத் தண்ணீர் குறையும்போது தொடங்குகிறது. வழியில் குழாய் உடைந்தாலோ, மின்சாரம் தடைபட்டாலோ, கோடையில் எல்லா ஊர்களும் கூடுதலாக இழுத்தாலோ, கடைக்கோடியில் இருக்கும் எங்கள் தொட்டி நிரம்புவதில்லை. அப்போது பழைய போரை ஓட்டி அதே தொட்டியை நிரப்புகிறார்கள். "மூணு நாளா ஆத்துத் தண்ணி ஏறலீங்க, என்ன பண்றது, போரைப் போட்டுட்டேன்" என்று தண்ணீர் விடுபவர் சொன்னபோது அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வெறும் குழாயைத் திறந்து காட்டுவதைவிட அவருக்கு அதுதான் மேலான வழியாகத் தெரிந்திருக்கும். அந்த நாட்களில் வீடுகளுக்கு வருவது கலப்புத் தண்ணீர் என்பதை யாரும் அறிவிப்பதில்லை என்பதே என் குறை.

கண்டுபிடிக்க நானாக ஒரு வழி செய்துகொண்டேன். கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கினேன். ஆற்றுத் தண்ணீருக்கு 300-ஐ ஒட்டியும், போர் தண்ணீருக்கு 1000-ஐத் தாண்டியும் காட்டுகிறது. இடைப்பட்ட எண் வந்தால் கலப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கருவிக்கு ஃப்ளோரைடு தெரியாது, கிருமியும் தெரியாது. எந்த மூலத்துத் தண்ணீர் என்று எங்கள் ஊரில் ஊகிக்க உதவுகிறதே தவிர, எண் குறைந்தால் பாதுகாப்பு என்று பொருளாகாது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இப்படிப்பட்டதுதான். கொதிக்கும்போது நீர் ஆவியாகிறது, ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே தங்கி இன்னும் செறிவாகிறது. என் அம்மா பல ஆண்டுகள் போர் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, ஆற வைத்து, அக்கறையோடு எங்களுக்குக் கொடுத்தார்.

குளோரின் வாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஊரில் அதிகம் வரும் புகாரே அதுதான். பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கிறது என்று சிலர் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். கிருமிநீக்கம் செய்த தண்ணீரில் குழாய் முனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பதே விதி. வாடை துளியும் இல்லாத நாளில்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. குடத்தை வாய் திறந்து அரை மணி நேரம் வைத்தால் வாடை பெரும்பாலும் குறைந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் அந்தச் சந்தேகம் மெய்யானது. எங்கள் தெருக்கோடியில் குழாய் சாக்கடையைக் கடந்து செல்கிறது. இரண்டு நாள் நின்றிருந்த தண்ணீர் மறுபடி வந்தபோது முதல் குடம் கலங்கலாக இருந்தது. தண்ணீர் நிற்கும் வேளையில் குழாய்க்குள் அழுத்தம் இல்லாததால் விரிசல் வழியே வெளியிலுள்ள அழுக்கு நீர் உள்ளே கசியும். கிருமி இருந்தால் கறுத்துக் காட்டும் சிறு சோதனைக் குப்பியில் அந்தத் தண்ணீரை ஊற்றி அலமாரியில் வைத்தேன். மறுநாள் மாலை மை ஊற்றியது போல் கறுத்திருந்தது. கறுத்த குப்பியை எடுத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். மனு வாங்கிக்கொண்டார்கள். குழாய்த் துண்டை மாற்ற நாற்பது நாட்களுக்கு மேல் ஆயிற்று. அதுவரை குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சினோம். கிருமிக்குக் காய்ச்சுவது சரி, ஃப்ளோரைடுக்குக் காய்ச்சுவது தவறு என்பதை அம்மாவுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சிலர் ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிவிட்டார்கள். ஃப்ளோரைடைக் கணிசமாக நீக்கும்தான். ஆனால் சுத்தமாகும் தண்ணீரைவிடக் கூடுதலாக வெளியேற்றுகிறது, மாற்ற வேண்டிய வடிகட்டிகளுக்குச் செலவும் உண்டு. ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் அதற்குத் தேவையே இல்லை என்பதால் நான் வாங்கவில்லை. மாறாக, காவிரி வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் நான்கு குடம் பிடித்து மூடி வைக்கிறோம். கலப்பு நாளில் குழாய்த் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் பயன்படுத்துகிறோம். அதற்கு மேல் ஆற்றுத் தண்ணீர் நின்றால் கேன் தண்ணீர்தான்.

தண்ணீர் விடும் அண்ணனிடம் சென்ற ஆண்டு ஒரு சாக்கட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆற்றுத் தண்ணீர் ஏற்றிய நாளில் தொட்டித் தூணில் "ஆ" என்றும், போர் ஓட்டிய நாளில் "போ" என்றும் எழுதுகிறார். காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து தெருவில் சொல்லிவிடுகிறார்கள். மழை பெய்த நாளில் மட்டும் எழுத்து அழிந்துவிடுகிறது; அன்று நான் மீட்டரை எடுக்கிறேன்.