ராஸ்பெர்ரி பையில் பாட்டு கேட்க: யூஎஸ்பி டிஏசியா, ஹேட் போர்டா? அதற்கு எந்த மென்பொருள்?

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை வாங்கி ஆம்ப்ளிஃபையரோடு (ஆம்ப்) சேர்த்து, சொந்தமாக ஒரு மியூசிக் ஸ்ட்ரீமர் செய்ய இறங்குபவர்கள் முதலில் கேட்பது "எது நல்லா ஒலிக்கும்?" என்றுதான். நான் அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைப்பேன். டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான மின் அலையாக மாற்றும் டிஏசியில் ஓரளவு நல்லது எதை எடுத்தாலும் ஒலி போதுமானதாகவே இருக்கும். ஒரு நாள் திடீரென்று சத்தமே வராமல் போகும் பாருங்கள், அப்போதுதான் எதை வாங்கினோம் என்பதன் அருமை தெரியும். எங்கே தேடுவது, எவ்வளவு சீக்கிரம் பிடிப்பது, இதை வைத்துத்தான் இங்கே ஒவ்வொன்றையும் எடை போடுகிறேன்.

முதலில் வன்பொருள். பையில் இருக்கும் ஹெட்போன் ஜாக்கை மறந்துவிடுங்கள், பை 5-இல் அதை எடுத்தே விட்டார்கள். மிச்சமிருப்பவை இரண்டு வழிகள்: யூஎஸ்பியில் செருகும் டிஏசி, இல்லையென்றால் பையின் 40 பின்கள்மேல் உட்காரும் ஹேட் போர்டு.

யூஎஸ்பி டிஏசியின் பெரிய பலம், அதற்கு நீங்கள் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பை ஓடும் லினக்ஸ் இயங்குதளத்திலேயே பொதுவான டிரைவர் இருக்கிறது, செருகினால் ஒலிக் கருவிகளின் பட்டியலில் (கார்டு பட்டியல்) வந்துவிடும். அசிங்க்ரனஸ் வகை என்றால் வேகத்தைத் தீர்மானிக்கும் கடிகாரமும் டிஏசிக்குள்ளேயே இருக்கும், பை அது கேட்கிற அளவுக்குத் தரவை அனுப்பினால் போதும். சந்தேகம் வந்தால் கழற்றி மடிக்கணினியில் செருகிப் பார்க்கலாம், பழுது டிஏசியிலா பையிலா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த ஒரு வசதிக்காகவே புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் யூஎஸ்பியைத்தான் சொல்வேன்.

அதற்கும் தொல்லைகள் உண்டு. பை 3 வரைக்கும் ஈதர்நெட்டும் எல்லா யூஎஸ்பி துளைகளும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையைத்தான் பகிர்ந்துகொண்டன. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கே நொடிக்குச் சுமார் 9.2 மெகாபிட்தான் தேவை, ஆகவே பாதையின் கொள்ளளவு பிரச்சினையில்லை. நெட்வொர்க்கிலிருந்து கோப்பு வந்துகொண்டே இருக்கும்போது டிஏசிக்குப் போக வேண்டியது சரியான கணத்தில் போய்ச் சேராமல் "டிக் டிக்" என்று வெட்டுவதுதான் தொல்லை. 2019-இல் வந்த பை 4-இல் ஈதர்நெட்டைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். பழைய பையில் யூஎஸ்பி டிஏசி வெட்டினால் முதலில் பஃபரை (பிளேயர் முன்கூட்டியே சேர்த்துவைக்கும் தரவின் அளவை) கூட்டிப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் வைஃபைக்கு மாற்றிப் பாருங்கள், ஏனென்றால் பை 3-இல் வைஃபை அந்தப் பாதையில் வராது.

இன்னொன்று மின்சாரம். பையிலிருந்தே மின்சாரம் எடுக்கும் டிஏசி என்றால் அடாப்டர் நன்றாக இருக்க வேண்டும். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்' என்ற கட்டளைக்குப் பூஜ்ஜியம் தவிர வேறு எது வந்தாலும் முதல் சந்தேகம் அடாப்டர்மேல் விழட்டும். பை 5-ஐ 3 ஆம்பியர் அடாப்டரில் ஓட்டினால் யூஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் கிடைக்கும், பசி அதிகமுள்ள டிஏசிக்கு அது பத்தாது.

ஆம்ப்பில் உம்மென்ற ஹம் கேட்கிறதா? அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் ஒரு வளையமாகி அதில் மின்சாரம் ஓடுவது. டிஏசிக்கு ஆப்டிகல் கேபிளில் ஒலியைக் கொடுக்க வழி இருந்தால் அதற்கு மாறுங்கள், ஒளியில் போவதால் கிரவுண்ட் தொடர்பே அறுந்துவிடும்.

இனி ஹேட். கேபிள் தொங்காது, பெட்டி அடக்கமாக இருக்கும், யூஎஸ்பி துளைகள் காலியாகக் கிடக்கும். கைவேலை பிடித்தவர்களுக்கு இதில்தான் மனசு போகும், எனக்கும் அப்படித்தான். ஆனால் ஒலி வராவிட்டால் தேட வேண்டிய இடங்கள் அதிகம். பையின் கான்ஃபிக் கோப்பில் ஓவர்லே வரி (மேலே உட்கார்ந்திருப்பது எந்தப் போர்டு என்று பைக்குச் சொல்லும் வரி) சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தின் புக்வார்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு 'பூட்' அடைவிலிருந்து அதற்குள் இருக்கும் 'ஃபர்ம்வேர்' அடைவுக்குப் போய்விட்டது, பழைய வழிகாட்டிகளைப் பார்த்துப் பழைய இடத்தில் திருத்திவிட்டு "ஒண்ணும் மாறலையே" என்று உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். அப்புறம், ஓவர்லேயைப் போர்டின் பெயரைப் பார்த்துப் போடாதீர்கள், மேலே இருக்கும் சிப்பைப் பாருங்கள். பிசிஎம்5102ஏ என்றால் 'ஹைஃபைபெர்ரி-டிஏசி', பிசிஎம்5122 என்றால் 'ஹைஃபைபெர்ரி-டிஏசிபிளஸ்'. மாற்றி, 5102 போர்டுக்கு இரண்டாவதைப் போட்டால் டிரைவர் ஐ2சி என்ற கட்டுப்பாட்டு இணைப்பு வழியாகச் சிப்பைத் தேடும். 5102-இல் ஐ2சியே கிடையாது, ஆகவே கார்டு பட்டியலில் வரவே வராது.

மலிவான ஊதா நிறப் பிசிஎம்5102 போர்டு வாங்கியவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கார்டு பட்டியலில் இருக்கிறது, பாட்டு ஓடுவதாகத் திரை காட்டுகிறது, ஆனால் ஸ்பீக்கரில் மௌனம், இல்லையென்றால் வெறும் இரைச்சல் என்றால் மென்பொருளை நோண்ட வேண்டாம். போர்டைத் திருப்பிப் பின்பக்கச் சால்டர் ஜம்பர்களைப் பாருங்கள். எக்ஸ்எஸ்எம்டி என்ற பின் மேல்நிலையில் (ஹை) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிப் தன்னைத்தானே மியூட் செய்துகொள்ளும். எஃப்எம்டி கீழ்நிலையில் (லோ), பை ஒலித் தரவை அனுப்பும் ஐ2எஸ் வடிவத்துக்கு. எஸ்சிகே பின்னைக் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும், அப்போதுதான் சிப் தனக்குள் இருக்கும் பிஎல்எல் சுற்றின் மூலம் கடிகாரத்தை உருவாக்கிக்கொள்ளும். அந்தப் பின் அந்தரத்தில் தொங்கினால் என்ன வரும் என்று சொல்லவே முடியாது.

கடிகாரத்தைப் பற்றி ஹேட் ரசிகர்கள் நிறையப் பேசுவார்கள். பை 3-க்குக் கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டல் 19.2 மெகாஹெர்ட்ஸ், அதை 44.1 கிலோஹெர்ட்ஸுக்குச் சமமாகப் பிரிக்க முடியாது என்பது உண்மைதான். அதனால் விலை கூடிய ஹேட்கள் 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு ஆஸிலேட்டர்களைத் தாமே வைத்துக்கொள்கின்றன, இரண்டுமே முறையே 44.1, 48 கிலோஹெர்ட்ஸின் சரியான 512 மடங்கு. பொறியியல் ரீதியாக அழகான தீர்வு. ஆனால் ஹேட் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் மட்டும் இதைக் கணக்கில் எடுங்கள், யூஎஸ்பியை விட்டு மாற இது ஒரு காரணம் ஆகாது.

மென்பொருளில் மூன்று பேர் போட்டி: மூட் ஆடியோ, வாலுமியோ, பைகோர்பிளேயர். முதல் இரண்டுக்கும் உள்ளே இருந்து பாட்டை ஓட்டுவது எம்பிடி என்ற பிளேயர் நிரல்தான். வாலுமியோ கண்ணுக்குக் குளிர்ச்சி, போனில் திறந்தவுடனே புரியும், ஆனால் டைடல், கோபஸ் போன்ற ஸ்ட்ரீமிங் சேவைகளை அதற்குள்ளிருந்தே ஓட்டச் சந்தா கட்ட வேண்டும். மூட் இலவசம், அமைப்புகள் கொட்டிக் கிடக்கும், எந்தச் சாம்பிள் விகிதத்தில் ஒலி வெளியே போகிறது என்பதைத் திரையிலேயே விவரமாகக் காட்டும். பழுது பார்க்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு மூடுக்குத்தான்.

பைகோர்பிளேயர் வேறு ஜாதி. டைனி கோர் லினக்ஸ் மேல் கட்டியது, முழுக்க ராமில் ஓடும், அதனால் ஷட்டவுன் செய்யாமல் சுவிட்சை அணைத்தாலும் எஸ்டி கார்டு பழுதாகிவிடும் என்ற பயம் இல்லை. ஆனால் அதற்குப் பாட்டை அனுப்பிவைக்கும் லைரியன் மியூசிக் சர்வர் என்ற மென்பொருள் வீட்டில் எங்காவது ஒரு கணினியில் ஓட வேண்டும், அதே பையிலும் ஓட்டலாம். இந்தச் சர்வரின் கதை சுவாரசியமானது: ஸ்லிம் டிவைசஸ் நிறுவனம் தொடங்கி, 2006-இல் லாஜிடெக் வாங்கி, 2012-இல் அதோடு சேர்ந்து ஓடிய ஸ்க்வீஸ்பாக்ஸ் மியூசிக் பெட்டிகளையே நிறுத்திவிட்டார்கள். மென்பொருள் திறந்த மூலம் என்பதால் பயனர்கள் விடவில்லை, 2024-இல் லைரியன் என்று பெயர் மாறி இன்னும் ஓடுகிறது. பெட்டிக்குத் திரையோ கீபோர்டோ இல்லாமல் ஆம்ப்புக்குப் பின்னால் போட்டு மறந்துவிட நினைப்பவர்களுக்கு இதுதான் சரி.

எதைப் போட்டாலும் சில வியாதிகள் பொது. பை 4-இல் எச்டிஎம்ஐ இரண்டும் கார்டு எண்களைப் பிடித்துக்கொள்ளும், ரீபூட்டுக்குப் பிறகு உங்கள் டிஏசி வேறு எண்ணில் வரலாம், ஆகவே அமைப்புகளில் எண்ணுக்குப் பதில் கார்டின் பெயரைக் கொடுங்கள். 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' கட்டளையில் சத்தம் வந்து பிளேயரில் வராவிட்டால் கோளாறு பிளேயர் அமைப்பில், அதிலும் வராவிட்டால் ஓவர்லே, ஒயர், மின்சாரம் என்று கீழே இறங்குங்கள். டிஎஸ்டி (ஒரு பிட் வகை ஒலி) கோப்பு ஓட்டும்போது மட்டும் சர்ரென்று இரைச்சல் வந்தால் மென்பொருள் வால்யூமை அணையுங்கள், டிஎஸ்டியைச் சாதாரண ஒலித் தரவுபோல் பொதிந்து அனுப்பும் டிஓபி முறையில் ஒரு பிட் மாறினாலும் டிஏசி அதை டிஎஸ்டி என்று அடையாளம் காணாது. பழைய நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்பகம்) உள்ள பாட்டுக் கோப்புறை இணைய மறுக்கிறதா? லினக்ஸ் 2017-இலேயே எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐத் தன் இயல்புத் தேர்விலிருந்து நீக்கிவிட்டது, கோப்புறையை இணைக்கும் மவுண்ட் வரியில் பதிப்பைக் கையால் குறிப்பிடுங்கள், முடிந்தால் நாஸிலேயே எஸ்எம்பி 2-ஐ இயக்குங்கள்.

பல அறைகளில் ஒரே பாட்டு வேண்டுமென்றால் ஸ்னாப்காஸ்ட் என்ற மென்பொருள், லைரியன் இரண்டுமே நன்றாக ஒத்திசைக்கும். ஸ்னாப்காஸ்ட் இயல்பாக 1000 மில்லிநொடி பஃபர் வைத்துக்கொள்கிறது, பாட்டுக்குச் சரி, டிவி ஒலியை அதன் வழியே அனுப்பினால் உதடும் பேச்சும் ஒட்டாது. ஏற்கெனவே எம்பிடி ஓட்டுபவர்கள் ஸ்னாப்காஸ்ட் போடுங்கள், புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக லைரியனுக்குப் போய்விடுங்கள். எந்த வழியானாலும் வைஃபையில் ஓட்டினால் பையின் வைஃபை பவர் சேவிங்கை அணையுங்கள், யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், ஏனென்றால் அந்தக் கேபிளிலிருந்து கசியும் இரைச்சல் நேராக 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைமேல்தான் விழும்.