சைக்கிள் ஹப்புக்கு ஏபி3 கிரீஸ் போதுமா?

லாரி, டிராக்டர் ஸ்பேர்ஸ் கடைகளில் அரைக் கிலோ, ஒரு கிலோ டப்பாவில் கிடைக்கும் ஏபி3 கிரீஸை சைக்கிள் சக்கரத்துக்குத் தாராளமாகப் போடலாம். சைக்கிளுக்கென்றே சின்ன டியூபில் வரும் கிரீஸ், கிராம் கணக்கில் பார்த்தால் பல மடங்கு விலை. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் குண்டு உருளும் கிண்ணம்தான் கப், ஆக்ஸிலில் மாட்டிக் குண்டை உள்ளே பிடித்து வைக்கும் கூம்பு நட்டுதான் கோன். இப்படிக் கப், கோன், உதிரிக் குண்டு வைத்த சாதாரண ஹப்புக்கு அந்தச் செலவு வேண்டாம். மிச்சமாகும் காசில் புதுக் குண்டு வாங்குங்கள்.

ஏபி3 என்பது லித்தியம் கிரீஸ். 3 என்பது கெட்டித்தன்மையின் நம்பர். 2-ஐ விட ஒரு படி கெட்டி. 180 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் உருகிச் சொட்டும் என்பதால், சித்திரை வெயிலில் நாள் முழுக்க நிறுத்தினாலும் ஹப்பை விட்டு வழியாது. மழையையும் நன்றாகவே தாங்கும். அந்தக் கெட்டித்தன்மையால் ஒரு சின்ன தொந்தரவு உண்டு: புதிதாகப் போட்டதும் சக்கரம் கொஞ்சம் மந்தமாகச் சுற்றும். சில நாள் ஓட்டினால் குண்டுகள் தம் பாதையிலிருக்கும் கிரீஸை ஓரத்துக்குத் தள்ளிவிடும், பிறகு சரியாகிவிடும். ரேஸ் சைக்கிள்காரர்கள் வேண்டுமானால் 2-ஆம் நம்பர் கேட்டு வாங்கலாம்.

உண்மையான குறை டப்பாதான். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 15 கிராமுக்குமேல் செலவாகாது. அரைக் கிலோ வருஷக் கணக்கில் கிடக்கும். மூடியைத் திறந்தபடி விட்டால் தூசி ஒட்டும். மணல் விழுந்த கிரீஸ் உப்புத்தாள் வேலையைத்தான் செய்யும். வாங்கியதும் சின்ன டப்பா ஒன்றில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை இறுக மூடி வையுங்கள். நாள்பட மேலே எண்ணெய் மிதந்தால் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம், கலக்கினால் போதும்.

பழைய கிரீஸ் மேலேயே புதுசை அப்புவதுதான் பலரும் செய்யும் தப்பு. உள்ளே இருக்கும் தூளும் துருவும் அப்படியே தங்கிவிடும். முன்பு போட்டது வேறு வகைக் கிரீஸாக இருந்தால், குறிப்பாக சில சைக்கிள் டியூப்களில் வரும் பாலியூரியா வகையாக இருந்தால், லித்தியத்தோடு கலந்து நீர்த்து ஒழுகவும் வாய்ப்புண்டு. ஆக்ஸிலை உருவி, கப், கோன் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்யில் கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே கிரீஸைத் தொடுங்கள்.

காய்ந்த கோனை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய இடம் மோதிரம் போல ஒரே வளையமாகப் பளபளத்தால் நல்ல கோன். அந்த வளையத்தில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால் எந்தக் கிரீஸும் காப்பாற்றாது. கோனை மாற்ற வேண்டும். கப்பில் குழி இருந்தால் பெரும்பாலும் ஹப்பே போயிற்று. ஒழுங்காகப் பராமரிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

குண்டு பெரும்பாலான ஹப்புகளில் முன்னால் 3/16 அங்குலம், பக்கத்துக்கு 10. பின்னால் 1/4 அங்குலம், பக்கத்துக்கு 9. கழற்றும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். பழசோடு புதுசைக் கலக்காதீர்கள். அளவில் மயிரிழை பெரிதாக இருக்கும் புதுக் குண்டே பாரம் முழுவதையும் சுமந்து சீக்கிரம் உடையும். கப்பில் பாதி ஆழத்துக்குக் கிரீஸ் தடவி, குண்டுகளை அதில் ஒட்டவைத்து, மேலே மெல்லிசாக இன்னொரு பூச்சு. வளையத்தில் கொஞ்சம் இடைவெளி மிஞ்சத்தான் வேண்டும். இடமிருக்கிறதே என்று பதினோராவது குண்டைத் திணித்தால் ஒன்றோடொன்று உரசித் தேயும்.

இனி கோன் இறுக்கம். இதில் தவறினால் மேலே செய்த அத்தனையும் வீண். கோனைப் பிடிக்க மெல்லிய கோன் ஸ்பானர் வேண்டும், முன்னுக்கு 13, பின்னுக்கு 15 மி.மீ. பெரும்பாலும் பொருந்தும். கையால் இறுகும் மட்டும் இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதற்கு வெளியே இருந்து பூட்டும் லாக் நட்டை முடுக்குங்கள். சக்கரத்தை மாட்டி நட்டுகளை முழுசாக இறுக்கியபின் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கி விட்டால் டியூப் வால்வின் கனத்துக்கே அது தானாக உருண்டு, ஊசல் போல ஆடி நிற்க வேண்டும். நடுவில் நெருடி நின்றால் கோன் இறுக்கம் அதிகம். நட்டுக்குப் பதில் லீவரை மடக்கிப் பூட்டும் குவிக் ரிலீஸ் சக்கரமாக இருந்தால், சைக்கிளில் மாட்டுவதற்கு முன் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும்படி விடுங்கள். லீவரை மடக்கும்போது ஆக்ஸில் அழுந்தி அது மறையும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு வருஷத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். வெள்ளத்தில் ஹப் மூழ்கியிருந்தால் அந்த வாரமே பிரித்துவிடுங்கள்.

பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்குள் மட்டும் ஏபி3 போகவே கூடாது. உள்ளே பல்லைப் பிடிக்கும் சிறு தாழ்கள் கெட்டிக் கிரீஸில் ஒட்டிக்கொண்டால் பெடல் வெறுமனே சுற்றும். அதற்கு மெல்லிய எண்ணெய்தான். பழைய பெரிய சைக்கிள்களின் ஹப் நடுவில் இருக்கும் எண்ணெய்த் துளை வழியாகவும் எதையும் ஊற்றாதீர்கள், போட்ட கிரீஸ் கரைந்து போக்ஸ் கம்பி வழியே ரிம்முக்கு வந்துவிடும்.