4,500 ரூபா ஹெட்போன்: காதில் ஒட்டிய கரி

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இந்த வயர் இல்லாத ஹெட்போனுக்கு 5,000 சொன்னார்கள், பேரம் பேசி 4,500க்கு எடுத்தேன். மூன்று வாரமாக வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் போகவர இதுதான்.

சத்தம் தாராளம், தெளிவு குறைவு. பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, தூக்கி வைத்திருக்கிறார்கள். சினிமாப் பாட்டுக்கு முதலில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டால் தவிலின் இரண்டு பக்கமும், வலந்தலையும் தொப்பியும், சேர்ந்து ஒரே ‘தும்’ ஆகிவிடுகிறது, நாதஸ்வரமோ பக்கத்துத் தெருக் கோயிலில் ஊதுவதுபோல் தள்ளிக் கேட்கிறது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 250 ஹேர்ட்ஸ் பக்கத்தை இறக்கினேன், கொஞ்சம் தெளிந்தது. பெட்டியில் ‘20 முதல் 20,000 ஹேர்ட்ஸ்’ என்று போட்டிருப்பதில் மயங்க வேண்டாம், அது மனிதக் காதுக்குச் சொல்லும் கணக்கு, எந்தப் பெட்டியிலும் இருக்கும்.

காதை முழுதாக மூடாமல் மேலே உட்காரும் வகை இது. கண்ணாடி போடுகிறவன் நான், அரை மணித்தியாலத்தில் காதுக்குப் பின்னால் வலி. அப்புறம் இந்த வெக்கை! ரெக்சின் உறை வியர்வையில் ஒட்டி ஓரத்தில் உரியத் தொடங்கிவிட்டது. அலுவலகத்தில் ஒரு தங்கச்சி, “அண்ணா, காதில என்ன கரி?” என்று கேட்டாள்.

மைக் பரவாயில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எடுத்தால் நான் கதைப்பது விளங்குகிறதாம், கண்டக்டர் புறக்கோட்டையைச் சிங்களத்தில் ‘பிட்டகொட்டுவ, பிட்டகொட்டுவ’ என்று கத்துவது அதைவிட வடிவாக விளங்குகிறதாம்.

இதே காசுக்கு வயர் வைத்தது எடுத்திருப்பேன், என் போனில் அதற்கு ஓட்டை இல்லை.