‘அட் விச்’சா, கடைசியில் ‘அட்’டா: தமிழில் யோசித்து இங்கிலீஷில் எழுதுகிறவனின் கணக்கு

திருகோணமலைப் பக்கத்து உப்புவெளியில் நான் வேலை செய்யும் கெஸ்ட் ஹவுஸின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. புறாத்தீவுக்குப் போகிறவர்களுக்கான குறிப்பு. நுழைவுச்சீட்டுக்கு வேறாக, படகுக்கு வேறாகக் காசு கட்ட வேண்டும் என்பதை ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப்போய் நானே இங்கிலீஷில் அடித்து ஒட்டியது. அதில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘த கவுண்டர் விச் யூ பே இஸ் நியர் த பீச்.’ போன சீசனில் ஒரு நாள் பார்த்தால், ‘விச்’சுக்கு முன்னால் நீலப் பேனையால் ஒரு சின்னக் கூரை போட்டு அதற்கு மேலே ‘அட்’ என்று எழுதியிருக்கிறது. யார் எழுதினார்கள், எத்தனை நாளாக அப்படியே கிடந்தது, ஒன்றும் தெரியாது. பின்னேரத்தில் டவுனில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ரியூசன் கொடுக்கிற ஆள் நான். அன்றைக்கு வகுப்புக்குப் போகவே ஒரு மாதிரி இருந்தது.

சரி, தாளைத் திருத்த வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. பேனைக்காரர் காட்டியபடி ‘த கவுண்டர் அட் விச் யூ பே’ என்று பிரிப்பொசிஷனை, அதாவது ‘அட்’, ‘இன்’, ‘வித்’ போன்ற சின்னச் சொல்லை, முன்னால் வைக்கலாம். இல்லையென்றால் ‘த கவுண்டர் விச் யூ பே அட்’ என்று கடைசிக்குத் தள்ளலாம். ‘விச்’சையே தூக்கிவிட்டு ‘த கவுண்டர் யூ பே அட்’ என்றாலும் நல்ல இங்கிலீஷ்தான். இடம் என்பதால் ‘வேர்’ போட்டும் தப்பிக்கலாம், ஆனால் அது இடத்துக்கு மட்டும்தான் உதவும். ஆளுக்கும் பொருளுக்கும் வரும்போது பழையபடி இந்த இரண்டுக்குள் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

எது ‘சரி’ என்ற பஞ்சாயத்தில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. பிரிப்பொசிஷனில் வசனத்தை முடிக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் நாம் கேட்ட சட்டத்துக்கு வயது அதிகம், பலம் குறைவு. 1672இல் கவிஞர் டிரைடன், தனக்கு முந்தின தலைமுறை நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரியில் அது கடைசியில் கிடக்கிறதென்று குறை சொன்னார். 1762இல் இலக்கணம் எழுதிய பாதிரியார் லோத், கடைசியில் வைப்பது பேச்சுக்கும் சாதாரண எழுத்துக்கும் பொருந்தும், முன்னால் வைப்பது கம்பீரமான நடைக்குப் பொருந்தும் என்றார். கடைசியில் வைப்பதில் இங்கிலீஷுக்கு நாட்டம் அதிகம் என்று அவர் எழுதிய அந்த வசனமே ‘டு’வைப் பின்னால் விட்டுத்தான் முடிகிறது. தெரிந்தே செய்த குறும்பு என்றுதான் நான் நினைக்கிறேன். 1926இல் இங்கிலீஷ் நடைக்கு அகராதி எழுதிய ஃபௌலர் இந்தத் தடையை மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். ஆகவே இரண்டும் சரி.

எனக்கு முன்னால் வைப்பதுதான் பிடிக்கும். கம்பீரத்துக்காக இல்லை. தமிழில் யோசிக்கிற நமக்கு அந்த ‘அட்’ காணாமல் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்படிக் காணாமல் போகிறது என்று பார்க்க இந்தக் கட்டுரையின் முதல் வரிக்கே போங்கள். ‘நான் வேலை செய்யும் கெஸ்ட் ஹவுஸ்.’ கெஸ்ட் ஹவுஸில்தானே வேலை செய்கிறேன்? அந்த ‘இல்’ எங்கே? பெயரெச்சம், அதாவது பெயருக்கு முன்னால் நிற்கும் அந்தச் ‘செய்யும்’, விழுங்கிவிட்டது. பேனையால் எழுதினேன் என்றால் ‘நான் எழுதிய பேனை’, மேசையில் வைத்து எழுதினேன் என்றால் ‘நான் எழுதிய மேசை’, கடிதத்தை எழுதினேன் என்றால் ‘நான் எழுதிய கடிதம்’. ஆல், இல், ஐ என்று மூன்று உருபு, மூன்றும் போய்விட்டன, ஆனாலும் கேட்கிறவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. வந்த பஸ், வந்த நாள், வந்த காரணம் எல்லாவற்றுக்கும் ஒரே ‘வந்த’ போதும். தமிழுக்கு இது பெரிய வசதி. இதே வசதியோடு இங்கிலீஷுக்குள் போனால்தான் ‘த கவுண்டர் விச் யூ பே’, ‘த ரூம் விச் யூ ஸ்டேய்ட்’, ‘த டீடெயில்ஸ் விச் யூ ஆஸ்க்ட்’ எல்லாம் வருகின்றன. அட், இன், ஃபோர் மூன்றும் அந்தப் பெயரெச்சத்தின் வயிற்றுக்குள். என் பிள்ளைகளின் கொப்பிகளில் நான் சிவப்பால் அதிகம் வளைக்கிற பிழை இதுதான், காலப் பிழைகூட இதற்குப் பிறகுதான் வரும்.

இப்போது கடைசியில் வைக்கும் வழியைப் பாருங்கள். வசனம் முழுக்க எழுதி முடித்த பிறகு, முடிந்துவிட்டது என்று மனம் சொல்லும் இடத்தில், ஒரு சின்னச் சொல்லை ஞாபகமாக ஒட்ட வேண்டும். ‘யூ பே’ என்றதும் தமிழ் மனதுக்கு ‘காசு கட்டும்’ முடிந்துவிட்டது, அதற்கு மேல் எதுவும் தேவையாகத் தோன்றாது. முன்னால் வைக்கும் வழியில் அந்தக் கேள்வி ‘விச்’சை எழுதுவதற்கு முன்பே வந்து நிற்கிறது. கவுண்டரை, கவுண்டரில், கவுண்டருக்கு, எது? பதில் சொல்லாமல் பேனை நகராது.

இன்னொன்றும் உண்டு. பெயரெச்சம் விழுங்க முடியாத உருபும் தமிழில் இருக்கிறது. தங்கையோடு வந்தேன் என்பதை ‘நான் வந்த தங்கை’ என்று சொல்ல முடியுமா? முடியாது. அப்போது என்ன செய்வோம்? ‘நான் யாரோடு வந்தேனோ அந்தத் தங்கை’ என்போம். அந்த ‘யாரோடு’வை ‘வித் ஹூம்’ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உருபு ‘யார்’ என்பதில் ஒட்டிக்கொண்டே போகிறது, ‘ஓடு’வை மட்டும் கழற்றி வசனத்தின் கடைசியில் விட தமிழ் இடம் கொடுக்காது. அதனால் வகுப்பில் ‘வித் ஹூம்’ என்றால் யாரோடு, ‘டு ஹூம்’ என்றால் யாருக்கு, ‘இன் விச்’ என்றால் எதில் என்று எழுதிப் போட்டபோது, அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகூடத் தலையைத் திருப்பியது. கடைசியில் தொங்கும் ‘வித்’துக்கு இப்படி ஒரு தமிழ்த் துணையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முன்னால் வைப்பதிலும் வில்லங்கம் இல்லாமல் இல்லை. ‘தட்’டுக்கு முன்னால் பிரிப்பொசிஷன் வராது, ‘த ஹவுஸ் இன் தட் ஐ லிவ்’ பிழை. ஆள் என்றால் ‘ஹூ’ போதாது, ‘டு ஹூம்’ என்று ‘ஹூம்’ வேண்டும், கடைசியில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பிள்ளைகள் உற்சாகத்தில் ‘த ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்’ என்று இரண்டு பக்கமும் பூட்டுப் போடுவார்கள், இது நான் சொல்லிக்கொடுத்து வந்த வியாதி, ஒத்துக்கொள்கிறேன். இதைவிட மோசம், வினையோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்கும் சொற்கள். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பராமரிப்பது, அது இரண்டு சொல்லாகத் தெரிந்தாலும் ஒரே வினை. ஒரு பிள்ளை என் பேச்சைக் கேட்டு ‘த பேபி ஆஃப்டர் ஹூம் மை மதர் லுக்ட்’ என்று எழுதிக்கொண்டு வந்தது. அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மாதிரி இல்லை, பிள்ளை போன திசையைப் பார்த்து நின்ற மாதிரி இருந்தது. இந்த வகைக்குக் கடைசிதான் இடம், ‘த பேபி மை மதர் லுக்ட் ஆஃப்டர்’, வேறு பேச்சில்லை. அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: ‘மோஸ்ட் ஆஃப் ஹூம்’, ‘டியூரிங் விச்’, ‘த எக்ஸ்டென்ட் டு விச்’ போன்றவற்றை உடைத்துக் கடைசியில் வைத்தால் காதில் ஏறாது.

எழுதி முடித்ததும் நான் செய்வது ஒன்றுதான். ‘விச்’சை விரலால் மறைத்துவிட்டு வசனத்தை இரண்டாக வாசிப்பேன். ‘திஸ் இஸ் த கவுண்டர். யூ பே அட் இட்.’ இரண்டாவது வசனத்தில் ‘இட்’டுக்கு முன்னால் ஒன்று நின்றால் அது மேலேயும் எங்காவது நிற்க வேண்டும், ஒரு தடவை மட்டும். விண்ணப்பம், மின்னஞ்சல், சுவரில் ஒட்டும் தாள் எல்லாவற்றுக்கும் ஒரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

பேச்சுக்கு இதே தீர்ப்பைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. வெள்ளைக்காரரோடு நான் கதைப்பது மே தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும்தான், அதுவும் பெரும்பாலும் சாவி, சுடுதண்ணி, வைஃபை. அந்த அளவில் ‘அட் விச்’ என்று ஒருவர் வாயிலும் நான் கேட்ட ஞாபகம் இல்லை, எல்லோரும் கடைசியில்தான் விடுகிறார்கள். நான் ஒரு முறை ‘த பஸ் ஆன் விச் யூ கேம்’ என்று சொல்லப்போய், எதிரில் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

தாளைத் திருத்தி, ‘அட் விச்’ போட்டுப் புதிதாக அடித்து ஒட்டியாகிவிட்டது. எங்கள் படகுக்கார அண்ணை அதை ஒருநாளும் வாசித்ததில்லை. ‘கவுண்டர், தேர். யூ பே. தென் கம், மை போட்’ என்று கையை நீட்டிக் காட்டுவார், எல்லோரும் சரியான இடத்தில் காசு கட்டிவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.