அறுவது பெல்ட், பழுது வேறிடத்தில்: லேண்ட்மாஸ்டர் ஒன்றுடன் நெடுங்கால அனுபவம்

மட்டக்களப்பு மாவட்டத்து மண்டூர்ப் பக்கத்து வட்டையில் (வயல்வெளியில்) இரண்டு போகத்துச் சேற்று உழவுக்கும், இடைப்பட்ட மாதங்களில் வளவுக்குள் கச்சான், மிளகாய் நடுவதற்கு மண்ணைப் புரட்டுவதற்கும், அறுவடை முடிந்தால் பின்னால் பெட்டி (டிரெய்லர்) பூட்டி நெல் மூட்டை ஏற்றுவதற்கும் எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக ஒரே லேண்ட்மாஸ்டர்தான் (கைப்பிடியால் ஓட்டும் இருசக்கர உழவு இயந்திரம்) ஓடுகிறது. தண்ணீரில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இயந்திரமான அதன் எஞ்சின் பற்றிச் சொல்லக் குறை எதுவும் இல்லை. தொல்லை கொடுத்தவை எல்லாம் எஞ்சினைச் சுற்றியுள்ள சிறு பாகங்களே. அவையும் புதிதாக மாற்ற மாற்றத் திரும்பவும் பழுதாகின.

முதலாவது, எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் பெல்ட்டுகள். சேற்று உழவு உச்சத்தில் இருக்கும்போதுதான் அவை அறும். கடையில் கேட்டால் விலை கூடிய பெல்ட்டை வாங்கச் சொல்வார்கள். வாங்கிப் போட்டாலும் ஆயுள் கொஞ்சம் நீண்டதே தவிர முடிவு மாறவில்லை. 2022இல் ரூபாயின் மதிப்பு விழுந்து உதிரிப்பாகங்களின் விலை தாறுமாறாக ஏறிய பிறகு, அறுந்த பெல்ட்டைத் தூக்கி எறியாமல் அதைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. அறுந்த பெல்ட் தன் காரணத்தைத் தானே காட்டும். ஒரு பக்கச் சுவர் மட்டும் தேய்ந்து பளபளத்தால், பெல்ட் ஓடும் இரண்டு புல்லிகளும் (விளிம்பில் பள்ளமுள்ள சக்கரங்கள்) ஒரே நேர்கோட்டில் இல்லை. உட்புறத்தில் குறுக்காக வெடிப்புகள் இருந்தால், வழுக்கி ஓடியதால் உண்டான சூடு பெரும்பாலும் காரணமாக இருக்கும். மேலே புதிதுபோல இருந்துகொண்டு நடுவில் படக்கென்று அறுந்திருந்தால், மாட்டும்போது எஞ்சினைத் தளர்த்தாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றியதில் உள்நூல் முறிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

எங்களுடைய பெல்ட்டுகளில் முதல் இரண்டு அடையாளங்களும் சேர்ந்தே இருந்தன. களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பெல்ட்ட விடு மனே, புல்லியக் கழட்டிக் கொண்டா" என்றார். கழற்றிய புல்லியைக் குருமண்வெளிப் பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றி வாவியைக் கடந்து கொண்டுபோனபோது அவர் விரலால் தடவிக் காட்டியது பள்ளத்தின் அடியை. வி வடிவப் பெல்ட் இழுப்பது அதன் இரு பக்கச் சுவர்களால்தான். அடிப்பகுதி புல்லியைத் தொடவே கூடாது. 17 மில்லிமீற்றர் அகலமுள்ள பி வகைப் பெல்ட் பள்ளத்தின் விளிம்போடு ஒட்டி உட்கார வேண்டும். எங்கள் புல்லியில் சுவர்கள் தேய்ந்து பெல்ட் உள்ளே இறங்கியிருந்தது. பள்ளத்தின் அடி கறுத்து மங்கலாக இருக்க வேண்டிய இடத்தில் முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்கியது. அடியில் உட்கார்ந்த பெல்ட் இழுவை குறைந்து வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் வெடிக்கும். புல்லியை மாற்றாமல் எந்த நாட்டுப் பெல்ட்டை வாங்கிப் போட்டாலும் இதுதான் நடக்கும்.

புல்லியை மாற்றிய பின்னும் பக்கத் தேய்வு நிற்கவில்லை. அதற்குக் காரணம் எஞ்சின் இருக்கை. பெல்ட்டை இறுக்குவதற்காக எஞ்சினை முன்னே தள்ளும் வகையில் அங்கே நீள்துளைகள் இருக்கின்றன; பெல்ட்டுகள் ஒரு பக்கத்தில் மட்டுமே இழுப்பதாலும் ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வு ஓயாததாலும் நட்டுகள் இளகி, துளைகள் அகன்று, எஞ்சின் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கோணிவிடுகிறது. இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நான்கு இடங்களில் நூல் தொட வேண்டும். எங்களுடையதில் மூன்றில்தான் தொட்டது. அகன்ற துளைகளை வெல்டிங்கால் நிரப்பி மீண்டும் சரியான அளவுக்கு வெட்டி, ஸ்பிரிங் வாசர் போட்டு இறுக்கினோம். ஒவ்வொரு நட்டிலிருந்தும் இருக்கை வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். நட்டு சற்றே திரும்பினாலும் கோடு முறிந்து தெரிவதால், உழவுக்கு இறக்கும் முன் சாவி எடுக்காமலே பார்த்துவிட முடிகிறது. பெல்ட் உறைக்குள் கறுப்பு இறப்பர்த் தூள் சேர்ந்திருந்தால் அதுவும் முன்கூட்டிய எச்சரிக்கைதான். மாற்றும்போது எல்லாப் பெல்ட்டுகளையும் ஒரே தொகுதியாக மாற்றுவதே சிக்கனம். நீண்டுபோன பழையவற்றுக்கு நடுவே புதிய ஒன்றைப் போட்டால் முழுச் சுமையும் அந்த ஒன்றின் மேல் விழும்.

அடுத்தது சில்லு (சக்கர) அச்சின் ஒயில் சீல், அதாவது ஒயில் வெளியே கசியாமலும் சேறு உள்ளே போகாமலும் அச்சைச் சுற்றி அடைக்கும் வளையம். இரும்புச் சில்லு பூட்டிச் சேற்றில் இறக்கினால் கியர் ஒயில் தண்ணீர் கலந்து பால்தேநீர் நிறத்துக்கு மாறியது. சீல் பலமுறை மாற்றப்பட்டும் பயனில்லை, ஏனெனில் பழைய சீலின் உதடு அச்சில் ஒரு வரியையே வெட்டியிருந்தது. நகத்தை ஓட்டினால் அந்த வரியில் தடக்கும். புதிய சீலை மில்லிமீற்றர் இரண்டு தள்ளி உட்கார வைத்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்ததில் கசிவு நின்றது. சீலை வெட்டும் இன்னொன்று உரப்பை நரம்பு. வரம்போரங்களில் கிடக்கும் அந்த நைலோன் இழைகள், வாவியோர வயல்களில் கிழிந்த வலைத் துண்டுகளும்கூட, சில்லுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வைக்கோலோடு இறுகி உதட்டை அரிக்கின்றன. உழவு முடிந்ததும் சில்லைக் கழற்றி அவற்றை வெட்டி எடுக்கிறோம். கியர்பொக்ஸின் காற்றுத் துளை சேற்றால் அடைபட்டாலும், சூட்டில் உயரும் அழுத்தம் ஒயிலைச் சீல் வழியாகத் தள்ளும் என்பதால் அதையும் குத்தித் துப்புரவாக்குகிறோம்.

எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நொசிலின் பழுது 2022 எரிபொருள் தட்டுப்பாட்டு நாட்களில், கிடைத்த கலனிலெல்லாம் டீசலைச் சேமித்து வைத்ததோடு வந்தது. கலனை ஆடாமல் வைத்து, அடியில் தங்கும் நீரையும் தூசையும் விட்டுவிட்டு மேலிருந்து வடித்து ஊற்றத் தொடங்கிய பின் அது திரும்பவில்லை.

கிளட்சின் பெயரிங் மட்டும் இன்னும் எதிர்பார்த்ததைவிட விரைவாகவே போகிறது. கூலிக்கு ஓட்ட வருகிறவர்கள் மூட்டை ஏற்றும் நேரம் முழுவதும் எஞ்சினை ஓடவிட்டு, கியரை விலக்காமல் கிளட்ச் லீவரை மட்டும் இழுத்து வைக்கிறார்கள்; அந்த நேரமெல்லாம் பெயரிங் சுமையோடு சுழல்கிறது. நியூட்ரலில் போட்டு லீவரை விடும்படி பெட்டிக்காரத் தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் ஓட்டும் நாட்களில் இரைச்சல் குறைவு. மற்ற நாட்களுக்காகப் புதிய பெயரிங் ஒன்று எப்போதும் சாவிப் பெட்டியில் இருக்கிறது.